பிளக் ஒயர் மாற்றியதும் மிஸ்ஸிங் அடிக்கிறதா? பழைய ஷெவி வி-8 இன்ஜினுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழைய மஸில் காரில் (பெரிய வி-8 இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் காரில்) புது பிளக் ஒயர் செட் மாட்டியதும் வண்டி முன்பைவிட மோசமாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் நீங்கள் கை வைத்த இடத்திலேயேதான் இருக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருக வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகத்தை) திருப்பவும் வேண்டாம், காயில் வாங்கக் கடைக்குப் போகவும் வேண்டாம். நண்பர்களின் வண்டிகளில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதுதான்: ஒயர் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது. அதை மறைக்க டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) மாற்றியிருப்பார்கள், அது போதாமல் கார்புரேட்டரையும் மாற்றியிருப்பார்கள். கடைசியில் ஒரு கோளாறு மூன்றாகி நிற்கும்.

கீழே உள்ளது ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் 350 (கன அங்குலக் கொள்ளளவு) இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த கமாரோ, ஷெவெல், நோவா எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். 327, 400, பிக் பிளாக் 396, 454 ஆகியவற்றுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் தீப்பிடிக்கும் வரிசை, இதற்குள்ளதேதான்.

## முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஃபயரிங் ஆர்டர்: 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். டிரைவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. பயணி பக்கம் 2, 4, 6, 8. இது அமெரிக்க வண்டி என்பதால் டிரைவர் பக்கம் என்றால் இடது பக்கம். நம் ஊர் வண்டிகளில் பழகியவர்கள் இந்த இடத்தில் சட்டென்று மாற்றிப் படித்துவிடுவார்கள், கவனம்.

வேறு கம்பெனி இன்ஜின் என்றால் இந்த வரிசையை அப்படியே எடுக்காதீர்கள். ஃபோர்டு 289, பழைய 302 இரண்டிலும் 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டு 351 வின்ட்சரில் 1-3-7-2-6-5-4-8. ஃபோர்டில் ரோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். பயணி பக்கம் 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. மோபார் (கிரைஸ்லர் குழும வண்டிகள்) 340, 440 இரண்டுக்கும் ஷெவியின் வரிசையே. ஆனால் 340 கடிகாரத் திசையில் சுற்றும், 440 எதிர்த் திசையில். பான்டியாக் 400, 455 இன்ஜின்களுக்கும் அதே வரிசைதான், அவையும் எதிர்த் திசை. வரிசையைச் சரியாக எழுதி வைத்துக்கொண்டு திசையைத் தவறாக எடுத்தவர்கள்தான் அதிகம்.

கருவிகள்: ஓம் மீட்டர், ஒயரின் மேல் கிளிப் போடும் டைமிங் லைட், ஸ்பார்க் டெஸ்டர், ஃபீலர் கேஜ், தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில். கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது.

ஒயரைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கட்டும், தொளதொள சட்டை ஃபேன் பக்கம் போகக்கூடாது. கராஜ் கதவு முழுதும் திறந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் புகை வாசனை தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

## செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

### சத்தமே இல்லை, இன்ஜின் சும்மா சுற்றுகிறது

காயிலிலிருந்து கேப்பின் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்) நடுவுக்கு வரும் ஒயரைத்தான் முதலில் பாருங்கள். எட்டு ஒயரையும் ஒழுங்காக மாட்டிவிட்டு இந்த ஒன்றை அரைகுறையாக விடுவது மிகச் சாதாரணம். அதை நன்றாக அழுத்திவிட்டு, ஏதாவது ஒரு பிளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, டெஸ்டரின் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் பிடிக்கவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, பட்பட்டென்று சத்தத்தோடு அடித்தால் கரண்ட் வருகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

வரவில்லை என்றால் கேப்பைக் கழற்றுங்கள். ரோட்டார் இருக்கிறதா, கேப்பின் நடுவில் உள்ள கரித்துண்டு உடையாமல் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். பிளாட்டினம் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பாயிண்ட் திறந்து மூடுகிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம்தான் காயில். செல்ஃப் அடிக்கும்போது ரோட்டார் சுற்றவே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். டைமிங் செயினோ டிஸ்ட்ரிபியூட்டர் கியரோ போயிருக்கிறது, அது மெக்கானிக் வேலை.

### கார்புரேட்டர் வழியாகத் தீ துப்புகிறது, அல்லது படார் படார் என்கிறது

ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். கார்புரேட்டருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே அடிப்பதும் ஆபத்து. தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எளிய காரணம், பக்கத்துப் பக்கத்து ஒயர் இரண்டு இடம் மாறியிருப்பது. கேப்பில் ஒரு டவரிலிருந்து (ஒயர் மாட்டும் முனையிலிருந்து) தொடங்கி, ஒவ்வொரு ஒயரையும் விரலால் பிடித்தபடியே பிளக் வரை போங்கள். கண்ணால் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஒயர்களைச் சேர்த்துப் பிடிக்கும் லூமுக்குள் அவை குறுக்கே ஓடும்.

வரிசை சரியாக இருந்தும் இப்படி என்றால் ஒன்றாம் நம்பரையே தவறான டவரில் வைத்திருக்கிறீர்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை யாராவது எப்போதாவது கழற்றிப் போட்டிருந்தால், மேனுவலில் உள்ள படத்தில் காட்டிய டவரில் ஒன்று இருக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்கும் முறை இது. ஸ்பார்க் வராதபடி காயிலின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வையுங்கள். ஒருவர் செல்ஃபைத் தட்டித் தட்டிச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியதும், பாலன்சரில் (கிராங்க்கின் முன்முனையில் உள்ள வட்டச் சக்கரத்தில்) உள்ள கோடு பாயிண்டரின் பூஜ்யத்துக்கு வரும்வரை மெல்லக் கொண்டுவாருங்கள். இப்போது கேப்பைத் தூக்கினால் ரோட்டார் காட்டும் இடம்தான் ஒன்று. கேப் ஓரத்தில் பெயின்ட்டால் குறித்துவிட்டு, அங்கிருந்து கடிகாரத் திசையில் 8, 4, 3, 6, 5, 7, 2.

காற்று தள்ளுவதைப் பார்க்காமல் வெறும் கோட்டை மட்டும் நம்பினால் ஆறாம் சிலிண்டரில் போய் நிற்பீர்கள். ஒன்றும் ஆறும் ஒரே நேரத்தில் மேலே வரும், கோடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். அப்படி எதிர்ப்பக்கம் மாட்டியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்க வேண்டாம். எல்லா ஒயரையும் நான்கு டவர் தள்ளி மாட்டினாலே போதும்.

டிஸ்ட்ரிபியூட்டரை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டீர்களா? திரும்பப் போடும்போது அது கடைசி வரை இறங்காமல் கொஞ்சம் தூக்கி நின்றால், கீழே உள்ள ஆயில் பம்ப் ஷாஃப்ட்டோடு பொருந்தவில்லை. கிளாம்ப் போல்ட்டை இறுக்கி வலுக்கட்டாயமாக உட்கார வைக்கவே கூடாது. இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பார்த்தும் இறங்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆயில் பம்ப் சுற்றாமல் இன்ஜின் ஓடினால் பிறகு மிஞ்சுவது எதுவும் இருக்காது.

### செல்ஃப் திணறித் திணறிச் சுற்றுகிறது, திருப்பி உதைக்கிறது

பேட்டரி, பாடி எர்த் இரண்டையும் பார்த்துவிட்டு வரிசையைச் சரிபாருங்கள். எல்லா ஒயரும் ஒரு டவர் தள்ளி மாட்டப்பட்டாலும் இப்படி வரும். காயில் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டுச் சுற்றுங்கள். அப்போது லகுவாகச் சுற்றினால் டைமிங் கோளாறு, அப்போதும் திணறினால் செல்ஃப் மோட்டாரோ பேட்டரியோ.

## ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கில் ஒரே சீராக ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது

அதிகம் வருவது இதுதான். பெரும்பாலும் காசே செலவாகாமல் தீருவதும் இதுதான்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. இன்ஜினை ஆற வைத்து, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து, ஹெடரின் (சிலிண்டருக்கு ஒரு குழாயாக வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்) ஒவ்வொரு குழாயிலும் ஒரு துளி தண்ணீரைத் தெளியுங்கள். ஏழு குழாயில் உஸ்ஸென்று ஆவியாகும், வேலை செய்யாத ஒன்றில் ஈரமாகவே வழியும். அப்புறம் டைமிங் லைட்டின் கிளிப்பை அந்த ஒயரில் போடுங்கள். லைட் சீராக மினுக்குகிறதா, விட்டுவிட்டு மினுக்குகிறதா, மினுக்கவே இல்லையா? ஓடும் இன்ஜினில் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. பாயிண்ட் வண்டியில் அது கையைச் சுடும், ஹெச்.இ.ஐ. போன்ற எலெக்ட்ரானிக் இக்னிஷனில் ஒயரை அந்தரத்தில் விட்டால் மாட்யூலே போகலாம். லைட்டைப் பயன்படுத்துங்கள்.

லைட் மினுக்கவில்லை அல்லது தவறித் தவறி மினுக்குகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒயரின் இரண்டு முனையையும் பாருங்கள். பிளக் பக்கம் தள்ளும்போது கிளிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும், விரலுக்கும் தெரிய வேண்டும். அது வராவிட்டால் உள்ளே உள்ள உலோக முனை பிளக் தலையைப் பிடிக்கவில்லை. பூட் என்ற ரப்பர் உறை மட்டும்தான் பீங்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஊசிமூக்குக் குறடால் அந்த முனையை லேசாக நெருக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கேப் பக்கம் வேறு மாதிரி. 1974 வரை வந்த பாயிண்ட் கேப்பில் ஒயர் முனை பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். ஒயரை அழுத்தும்போது பூட்டுக்குள் அடைபடும் காற்று, கையை எடுத்ததும் அதை மெல்ல மேலே தள்ளிவிடும். மாட்டும்போது கச்சிதமாக இருந்த ஒயர் ஐந்து நிமிடத்தில் அரை அங்குலம் எழும்பி நிற்பது இதனால்தான். பூட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையை நுழைத்து, ஒயரை அழுத்தி, காற்று வெளியேறியதும் டையை உருவிவிடுங்கள். பூட்டுக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டு தடவினால் இன்னும் சுலபம். உலோகத்தில் அப்பத் தேவையில்லை.

1975இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹெச்.இ.ஐ.க்கு மாறியபோது கேப்பின் டவர் வெளியே நீட்டிய ஆணியாக மாறியது. அந்தக் கேப்புக்கான ஒயரைப் பாயிண்ட் கேப்பில் திணித்துப் பார்ப்பவர்கள் உண்டு. உட்காரும் போலத் தெரியும், உட்காராது. செட்டைத் திருப்பிக் கொடுத்துச் சரியானதை வாங்குங்கள்.

இரண்டு முனையும் சரி என்றால் ஒயரைக் கழற்றி ஓம் மீட்டரில் வையுங்கள். கரி இழை ஒயரில் ஓர் அடிக்குச் சில ஆயிரம் ஓம் காட்டும், சுருள் கம்பி ஒயரில் சில நூறு அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். தனி எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். அதே நீளமுள்ள ஒயரைவிட இரண்டு மடங்கு காட்டினாலோ, வளைக்கும்போது எண் குதித்தாலோ, முடிவிலி காட்டினாலோ அந்த ஒயர் வேண்டாம். நீங்களே வெட்டி முனை பொருத்தும் செட் என்றால் கிரிம்ப்பைப் பாருங்கள். இழை மடங்கி வெளியுறையின் மேல் படிந்து, உலோக முனையை அழுத்தித் தொட்டிருக்க வேண்டும். பூட்டை அரைச் சுற்றுத் திருப்பாமல் ஒயரைப் பிடித்து இழுப்பவர்கள் கையில் இந்த இடம்தான் முதலில் விடும்.

லைட் சீராக மினுக்குகிறது, ஆனாலும் சிலிண்டர் ஓடவில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். ஹெடர் நெருக்கத்தில் சாக்கெட் சாய்ந்து பீங்கான் கீறியிருக்கும். முடி போன்ற கோடு என்பதால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இடைவெளியை அளந்து பாருங்கள். பாயிண்ட் வண்டிக்கு 0.035 அங்குலம், ஹெச்.இ.ஐ. மாற்றிய வண்டிக்குப் பொதுவாக 0.045. சந்தேகம் என்றால் அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் போடுங்கள், மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான்.

பிளக்கும் நல்லது, ஒயரும் நல்லது என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். மற்றவற்றில் அதிகமாகக் காட்டும் சிலிண்டரின் முக்கால் பங்குக்குக் கீழே இந்த ஒன்று இருந்தால் வால்வு, ரிங், கேஸ்கெட் என்று போகும். கம்ப்ரஷன் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், வால்வ் கவரைக் கழற்றி ராக்கர் எல்லாம் ஒரே உயரம் எழும்புகிறதா என்று பாருங்கள். இந்தக் கால ஆயிலில் துத்தநாகம் குறைந்ததால் பழைய ஃபிளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட்டில் ஒரு லோப் தேய்ந்து போவது உண்டு. இந்தக் கட்டத்தில் ஒயர் பேச்சை விட்டுவிட்டு இன்ஜின் வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

## ஐட்லிங் நன்றாக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பொரிகிறது

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கோளாறு இது, இன்ஜினையே தின்னக்கூடிய ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது.

ஷெவியின் வரிசையில் 5, 7 இரண்டும் அடுத்தடுத்து ஃபயர் ஆகும். இரண்டும் டிரைவர் பக்கம் பின்னால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். இரண்டு ஒயரையும் ஒட்டி ஒட்டி நீளத்துக்கு ஓடவிட்டால், ஐந்தில் ஓடும் கரண்ட் ஏழிலும் ஒரு தூண்டலை உண்டாக்கும். ஏழாவது சிலிண்டர் தன் நேரத்துக்கு 90 டிகிரி முன்பே தீப்பிடிக்கும். வெளியே கேட்பது ஒரு சின்ன பொரிதலும் டங்டங் சத்தமும்தான். உள்ளே அடி வாங்குவது பிஸ்டன். மோபாரிலும் இதே 5, 7 ஜோடி. ஃபோர்டு 302இல் 7, 8. 351 வின்ட்சரில் 5, 6.

சரிசெய்வது சுலபம். லூமில் இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு ஒயர் வரும்படி வரிசையை மாற்றுங்கள், அல்லது ஒன்றை வேறு வழியாகக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். அழகுக்காக எல்லா ஒயரையும் இழுத்து ஒரே கட்டாக டை போட்டுக் கட்டுவது இந்த இன்ஜினுக்கு ஆகாது. கண்காட்சியில் பார்க்க நன்றாக இருக்கும், ஓட்டினால் பொரியும்.

ஒயர் பாதை சரி என்றால் அடுத்தது பிளக் இடைவெளி அதிகமாக இருக்கிறதா, கேப்புக்குள் கீறல் இருக்கிறதா. கேப்பைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு, பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கரிக்கோடு ஓடும். துடைத்தால் போகாது, கேப்பையும் ரோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள். அலுமினிய முனை வேண்டாம், பித்தளை முனை உள்ளதையே வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும், ஆனால் வெள்ளையாகப் பூத்துப் போகாது.

அதற்குப் பிறகும் பொரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பெஞ்சில் வைத்துச் சரிசெய்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

டங்டங் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஒயரைப் பிரித்து விட்டும் போகவில்லை என்றால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

## குளிர்ந்த இன்ஜினில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங்

ஹெடர் போட்ட வண்டியா? அப்படியானால் பூட்டுகளைக் கீழிருந்து பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயைப் பார்த்த பக்கம் ரப்பர் பளபளப்பாக, பிஸ்கட் மாதிரி கெட்டியாகி இருக்கும். நகத்தால் அழுத்தினால் உதிரும். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த இடத்தில் குழாய்க்குத் தாவும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் அந்தப் பொறி கண்ணுக்கே தெரியும்.

பூட்டின் கோணம்தான் இதில் பெரிய விஷயம். நேர், 45, 90, 135 டிகிரி என்று வரும். கிடைத்த செட்டை வாங்கி வளைத்து நெருக்குவதைவிட உங்கள் ஹெடருக்கு எது பொருந்தும் என்று பிளக்கில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. ஒயருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். இடமே இல்லை என்றால் பீங்கான் பூட் உள்ள செட்டோ, கண்ணாடி இழை உறையோ போடுங்கள். டிரைவர் பக்கம் பின்னால் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் கிளட்ச் லிங்கேஜும் ஒயரை உரசுகின்றனவா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள்.

தேதி அச்சிட்ட, தொழிற்சாலை மாதிரியிலான 7 மில்லிமீட்டர் ஒயர், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் கவசத் தகடும் இருக்கும் வண்டிக்குப் பொருத்தம். ஹெடர் போட்டு ஓட்டுகிறவர்கள் 8 மில்லிமீட்டர் சிலிகான் உறை போட்ட சுருள் கம்பி ஒயருக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

பூட்டெல்லாம் நன்றாக இருந்தால், சூடானதும் விடுவது காயிலாகவோ எலெக்ட்ரானிக் மாட்யூலாகவோ இருக்கும். வேலை செய்யும் இன்னொரு வண்டியின் காயிலைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## மழையில், அதிகாலை ஈரத்தில் மட்டும் கோளாறு

இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்ப்ரே பாட்டிலால் ஒயர்கள் மேல் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். கையை விலக்கியே வையுங்கள். நீலப் பொறி எங்கே ஓடுகிறதோ அந்த ஒயரை மாற்றுங்கள். பல இடத்தில் ஓடினால் செட்டையே மாற்றுங்கள். கேப்புக்குள் ஈரம் என்றால் துடைத்து உலர்த்தி, கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

## ரேடியோவில் இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல்

பந்தயத்துக்கான முழு உலோகக் கம்பி ஒயரை மாட்டியிருக்கிறீர்கள். கழற்றிவிட்டு இரைச்சல் அடக்கும் ஒயர் போடுங்கள். பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போட்ட வண்டியில் இந்தக் கம்பி ஒயர் மாட்யூலையும் குழப்பும். கண்ணாடி இழை உடம்பு உள்ள கார்வெட்டில் ரேடியோ இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒயரையும் மூடும் உலோகக் கவசம் தொழிற்சாலையிலேயே வரும். அதை யாராவது கழற்றி வைத்திருந்தால் எந்த ஒயர் போட்டாலும் இரைச்சல் முழுதாகப் போகாது.

## எல்லாம் சரி, ஆனால் டைமிங் நிற்கவே மாட்டேன் என்கிறது

டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது மொத்த டைமிங் 34 முதல் 36 டிகிரிக்குள் வர வேண்டும். லைட்டில் கோடு அங்குமிங்கும் அலைந்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பை இறுக்குங்கள்.

கோடு நிலையாக நிற்கிறது, ஆனால் அது காட்டும் எண்ணில் வைத்தால் இன்ஜின் ஓடவில்லை, வேறெங்கோ வைத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் பாலன்சரைச் சந்தேகியுங்கள். வெளி வளையத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் வயதாகிக் கழன்று, வளையம் நகர்ந்துவிடும். கோடு பொய் சொல்லும். பிஸ்டன் ஸ்டாப் (பிளக் ஓட்டையில் மாட்டி பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்து உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் பாலன்சரையே மாற்ற வேண்டும், புதுக் கோடு போட்டுச் சமாளிக்கக் கூடாது. அந்த வளையம் ஒரு நாள் கழன்று பறக்கும்.

கடைசியாக டைமிங் செயின். கேப்பைக் கழற்றி, கிராங்க்கை ஒரு பக்கம் சுற்றி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி, ரோட்டார் அசையத் தொடங்கும்வரை பாலன்சர் எத்தனை டிகிரி நகர்கிறது என்று பாருங்கள். பத்து டிகிரியை நெருங்கினால் செயின் தளர்ந்திருக்கிறது. தொழிற்சாலை கேம் கியரில் பல் நைலானில் இருக்கும். வயதானால் அது உடைந்து ஆயில் பேனில் விழும், பம்ப்பின் வலையையும் அடைக்கும். இதை மெக்கானிக்கிடம் விடும்போது நீங்கள் பார்த்த டிகிரி, கம்ப்ரஷன் எண்கள், எந்த ஒயர் எந்த டவரில் இருக்கிறது என்ற படம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செயினோடு ஆயில் பேனையும் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.